பொன்னாடை வேண்டாம், வாசித்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக நூலகங்களில் மதிய இடைவேளையில் எழுத்தாளர்களை அழைத்து அவர்கள் படைப்பையே வாசிக்கச் சொல்லலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் கோவைக்கு இது கட்டாயம் வேண்டும்.

இங்கே இலக்கியக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. கொடிசியாவில் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோட்டில் ஒன்று, டிசம்பரில் விஷ்ணுபுரம் விருது விழா. ஆனால் பேச்செல்லாம் பெரும்பாலும் மாலையில், இல்லாவிட்டால் விடுமுறை நாளில். அன்னூர், காரமடை, பல்லடம் என்று பஸ்ஸில் வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, ஆறு மணிக் கூட்டம் எட்டாது. கடைசி வகுப்பு முடிந்ததும் காந்திபுரத்துக்கு ஓடி அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இருட்டினால் வீட்டிலிருந்து போன் வந்துவிடும். மிஞ்சுவது மதியம்தான்.

சரி, ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. நம் ஆட்களிடம் விட்டால் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கையில் மணி அடித்துவிடும். அவரும் கதையை விட்டுவிட்டு இலக்கியமும் சமுதாயமும் என்று பேசுவார். கவியரங்கத்தை விட்டால், எழுதியதை எழுதியவர் வாயாலேயே கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. இருபது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் கேள்வி, அவ்வளவு போதும்.

நூலகத்தில் சத்தமா என்பார்கள். வாசிப்புக் கூடத்தில் வேண்டாம், வாசல் தாழ்வாரத்தில் நாற்காலி போடலாம். டிபன் பாக்ஸோடு வர விடுங்கள். சோறு சிந்தினால் கூட்டிக்கொள்ளலாம். அட்டெண்டன்ஸ் மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம், நூலகப் பணியாளர்களுக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். முறை மாற்றிக் கொடுக்க வேண்டும். இதை யாரும் யோசிப்பதில்லை.

முக்கியமானது புத்தகம். எழுத்தாளர் வந்துபோன பிறகு கொள்முதல் பட்டியல் போட்டு, பில் பாஸாகி, எண் ஒட்டி அலமாரிக்கு வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். கேட்ட சூட்டோடு அன்றைக்கே எடுத்துப் போக முடிந்தால்தான் படிப்பார்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே என்று, நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே முதல் விதியாக எழுதிவிட்டார். நாங்கள் அதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

வருகிறவருக்குப் பயணச் செலவும் ஒரு தொகையும் உறையில் போட்டுக் கொடுங்கள். பொன்னாடையைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் தர மாட்டார்.

என் ஆசை, இதைத் தமிழ்த் துறையில் அல்ல, வேளாண்மைப் பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்க வேண்டும். கொங்கு வட்டாரப் பேச்சில் எழுதிய ஆர். சண்முகசுந்தரத்தின் நாவல், 1942-இல் வந்த 'நாகம்மாள்', காட்டில், அதாவது விளைநிலத்தில், தன் பங்கைக் கேட்கும் ஒரு கைம்பெண்ணின் கதை. மண்ணையும் பயிரையும் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான இலக்கியம் எது? அச்சில் பார்த்துத் தடுமாறுகிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கும், கொங்குப் பேச்சை அதன் இழுவையோடு யாராவது வாசித்தால் சட்டென்று பிடிபட்டுவிடும். சண்முகசுந்தரம் இன்று இல்லை. அவர் வழியில் எழுதுகிறவர்கள் திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடும் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகப் பணியாளர்,
வடவள்ளி, கோவை.