புல்வெளியில் மரம் நட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை தொடங்கியதும் கொடைக்கானல் மலையில் மரக்கன்று நடவேண்டும் என்ற ஆர்வத்தோடு மதுரையிலிருந்து புறப்படும் அன்பர்களுக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. நடும் இடத்தைப் பற்றியதே என் கவலை. மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறைப் பக்கத்துச் சரிவுகளில் மரமின்றிக் கிடக்கும் இயற்கைப் புல்வெளி, வெட்டி அழிக்கப்பட்ட காட்டின் மிச்சம் அன்று. பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக இருப்பதே அம்மலையின் இயல்பு. நீலக்குறிஞ்சி வளர்வது அந்தப் புல்லின் நடுவே, வெயில் படும் இடத்தில்தான்.

2006இலும் 2018இலும் பூத்த செடிகள் விதை தெறித்தபின் பட்டுப்போய்விட்டன. 2030இல் பூக்கவேண்டியவை, 2018இல் பூத்தவற்றின் விதைகளில் முளைத்து இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் செடிகள். பூ இல்லாத இந்நாளில், விளிம்பில் சிறு பற்களும் வரிவரியாக அமிழ்ந்த நரம்புகளும் கொண்ட இலைகளோடு நிற்கும் அவற்றை வெறும் புதரென்று எண்ணிக் கொத்திவிட்டுக் குழி தோண்டுபவருக்கு, தாம் பிடுங்கியது இன்னதென்றே தெரியாமல் போகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீலக்குறிஞ்சியைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக்கியிருப்பதால், அதைத் தெரிந்தே பிடுங்குவது குற்றமும் ஆகும்.

தோல் பதனிடும் பட்டைக்காக நடப்பட்ட வாட்டில் என்னும் சீகை மரம் ஏற்கெனவே புல்வெளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும் கூட்டமாக முளைக்கிறது; அந்த நிழலில் குறிஞ்சி தழைப்பதில்லை. சுற்றுலா செல்லும் நம்மவர் விரும்பிப் படமெடுத்துக்கொள்ளும் பைன் காடும் இப்படி வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதுதான் என்பது பலருக்குத் தெரியாது. மதுரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருக்கவேண்டும். மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்லக் கசியவிட்டு ஆறுகளுக்கு நீர் தருவது புல்வெளியும் சோலையும்தான்; அம்மலைத்தொடரின் தென்சரிவில் பிறக்கும் மஞ்சளாறும் வராகநதியும் வந்து சேர்வது வைகையில்.

மரம் நட விரும்புவோர் நம் ஊர்ச் சாலையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் வேம்பும் புங்கமும் நடலாம். மலைக்கே செல்ல விரும்பினால், வனத்துறையின் அனுமதி பெற்றுச் சீகை நாற்றுகளைப் பிடுங்கும் வேலையில் சேரலாம். தங்களுக்கும் ஒரு சொல்: குறிஞ்சியில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றும் பூக்கும் சுழற்சி வேறு. “குறிஞ்சி பூத்தது” என்று செய்தி வெளியிடும்போது எந்த வகை என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநகர், மதுரை.