அவையில் பேசியதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் உங்கள் நாளிதழில் நான் முதலில் தேடிப் படிப்பது டெல்லிச் செய்தியைத்தான். போன கூட்டத்தொடர் முழுக்க எனக்குக் கிடைத்தவை அமளி, முழக்கம், வெளிநடப்பு, ஒத்திவைப்பு. அமளி நடந்தால் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதே நாட்களில் மசோதாக்கள் மீது உறுப்பினர்கள் பேசவும் செய்தார்கள். யார், என்ன வாதத்தை வைத்தார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதற்கு இரண்டு வரிகூட இடம் ஒதுக்கப்படவில்லை.

எல்.ஐ.சி. கிளை அலுவலகம் ஒன்றில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் நிறுவனத்தின் தொடக்க வரலாற்றில் அடிக்கடி வரும் ஓர் எம்.பி.யின் பெயர், உங்கள் பத்திரிகைத் தொழிலுக்கும் வேண்டிய பெயர். பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், இந்திராவின் கணவர் என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு இன்று நின்றுவிடுகிறது. மக்களவையில் அவர் செய்த வேலையைச் சொல்வார் குறைவு.

என் அப்பா 1950-களின் தொடக்கத்தில் ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசி எடுத்தார். மூன்று வருடம் பிரீமியம் கட்டினார். கம்பெனி நொடித்துப் போனது. ஒரு பைசா திரும்பவில்லை. அந்த ரசீதுகளை நூல் போட்டுக் கட்டி டிரங்குப் பெட்டியில் கடைசிவரை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவரைப் போல் எத்தனையோ பேர். பாலிசிதாரர் பணத்தை எடுத்து முதலாளிகள் தங்கள் வேறு தொழில்களுக்குத் திருப்பிவிட்ட கதையைத்தான் 1955 டிசம்பரில் மக்களவையில் பெரோஸ் காந்தி எடுத்து வைத்தார். டால்மியா குழுமத்தின் கையில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கணக்கு வழக்குகளை அவர் விவரமாகப் பேசினார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19-இல், ஆயுள் காப்பீட்டை அரசு ஏற்கும் அவசரச் சட்டம் வந்தது. அந்த ஒரு பேச்சுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்; பல வருட முறைகேடுகள் அதன் பின்னால் இருந்தன. 245 கம்பெனிகளும் சேமநிதிச் சங்கங்களும் ஒன்றாகி, அந்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.ஐ.சி. பிறந்தது.

இதில் உங்களுக்கு உரிய பகுதி இனிமேல்தான் வருகிறது. அவைக்குள் எதைப் பேசினாலும் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. அரசமைப்பின் 105-ஆவது பிரிவு அவரைக் காக்கிறது. அதே பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு அப்போது கிடையாது. பெரிய பணக்காரர் ஒருவர் மானநஷ்ட வழக்குப் போட்டால் ஆசிரியர்தான் கோர்ட் படி ஏற வேண்டும். இந்தப் பயத்தில் பத்திரிகைகள் வாயை மூடிக்கொண்டால், அவையில் பேசியது அவைச் சுவரைத் தாண்டாது. பெரோஸ் காந்தி தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அது 1956-லேயே சட்டமாகியது. நாடாளுமன்ற நடவடிக்கையைப் பெருமளவு உண்மையாக, உள்நோக்கம் இல்லாமல், பொது நன்மைக்காக வெளியிட்டால் வழக்குக் கிடையாது என்றது அந்தச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை தனிநபர் மசோதாக்களில் சட்டமானவை மொத்தம் 14-தான். அவற்றில் ஒன்று உங்களுக்காக வந்தது.

அதன் பயனை நாடு அடுத்த வருடமே கண்டது. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபருக்குச் சொந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. சந்தை விலைக்கு மேல் கொடுத்திருந்தது. பாலிசிதாரர் பணம், ஆசிரியரே! செப்டம்பரில் ராம் சுபாக் சிங் என்ற உறுப்பினர் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தது. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். தான் பலமாக அடிக்கப் போவதாகவும், அதைவிடப் பலமான அடி திரும்பி வரும் என்று தெரிந்தே பேசுவதாகவும் முன்னறிவித்துவிட்டுத் தொடங்கினார். எந்தத் தேதியில் என்ன விலை, யார் யாருக்கு எழுதியது என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் காங்கிரஸ் உறுப்பினர். எதிரில் இருந்த நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதே கட்சி; தென் சென்னைத் தொகுதியிலிருந்து போனவர். பிரதமர் மாமனார். கட்சி, உறவு எதுவும் அவர் நாக்கைக் கட்டவில்லை.

அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவின் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் முடிந்தது. நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நம் ஊர்க்காரரான கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். டி.டி.கே.யின் திறமையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அன்று நடந்தது சரியான காரியம்.

1960-இல், 48 வயதுகூட நிறைவதற்குள், பெரோஸ் காந்தி இறந்தார். 15 வருடம் கழித்து நெருக்கடி நிலையில், இந்திரா காந்தி பிரதமராக இருக்கும்போது, அந்தப் பத்திரிகைப் பாதுகாப்புச் சட்டம் நீக்கப்பட்டது. 1975 டிசம்பரில் அவசரச் சட்டம், 1976-இல் நீக்கச் சட்டம். தணிக்கையும் கூடவே இருந்ததால், எதிர்க்கட்சியினர் அவையில் பேசியது மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. எந்தப் பொருளைப் பிடுங்கினார்கள் என்பதைப் பார்த்தால் அதன் மதிப்புத் தெரிகிறது. 1977-இல் ஜனதா அரசு சட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. 44-ஆவது திருத்தம் அதை 361அ என்ற பிரிவாக அரசமைப்பிலேயே எழுதி, சட்டமன்ற நடவடிக்கைகளுக்கும் விரித்தது. இனிமேல் சாதாரணச் சட்டம் போட்டு அதை எடுத்துவிட முடியாது.

இத்தனை பாடுபட்டு வந்த உரிமையை வைத்துக்கொண்டு மைக் பிடுங்கியதையும் காகிதம் கிழித்ததையும் மட்டும் போடுகிறோமே என்பதுதான் என் வருத்தம். பேச்சு முழுவதும் டிவியில் வருகிறதே, அவைக்குறிப்பு இணையத்தில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். ஆறு மணி நேரப் பேச்சை உட்கார்ந்து கேட்டுச் சாரத்தை எடுக்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வேலைக்குத்தான் டெல்லியில் உங்கள் நிருபர் இருக்கிறார்.

நான் கேட்பது பெரிதில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமிடாத கேள்விகளும் பட்டியலில் வருகின்றன. நட்சத்திரக் கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார்; நட்சத்திரமிடாதவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். இவர்களில் யார் அன்று என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று அரைப் பத்தி போடுங்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி பார்க்க வேண்டாம். அமைச்சர் பதில் மழுப்பலாக இருந்தால் மழுப்பல் என்றே எழுதுங்கள். 361அ உங்கள் பக்கம் இருக்கிறது. முந்த்ரா விவகாரமும் ஒரு கேள்வியில்தான் தொடங்கியது. இட நெருக்கடி என்றால் ராசிபலனுக்குக் கீழே உள்ள இடம்கூடப் போதும். அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற எல்.ஐ.சி. ஊழியர்,
கும்பகோணம்