அறுபது அங்குலம் கேட்ட நண்பனுக்கு

விண்ட்ஹூக், நமீபியா,
ஆகஸ்ட் 9

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு துணையில்லாமல் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்பதும், மகளுக்கு கேப் டவுனில் இடம் கிடைத்துவிட்டது என்பதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. இங்கே எல்லோரும் நலம். வீட்டுச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, நீ கடைசிப் பத்தியில் போகிற போக்கில் கேட்டிருந்த கேள்விக்கு மட்டும் இதில் பதில் எழுதுகிறேன். ஏனென்றால் அது போகிற போக்கில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

அடுத்த ஆண்டு முதன்முதலாகக் கூடூ என்ற முறுக்குக்கொம்பு இரலையின் வேட்டைக்கு வரும்போது அறுபது அங்குலக் கொம்பு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே உன் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்துப் பண்ணை ஒன்று அனுப்பிய விலைப்பட்டியலையும் வைத்திருக்கிறாய். அதில் ஐம்பது அங்குலம் வரை ஒரு விலை, ஐம்பத்தைந்து வரை இன்னொரு விலை, அதற்கு மேல் போனால் கண்ணைக் கட்டும் விலை. ஜவுளிக்கடையில் முழம் போட்டுத் துணி கிழிப்பதுபோல இருந்தது எனக்கு.

கிடைக்கலாம் என்பதுதான் நேரடியான பதில். நமீபிய மலைகளில் அறுபது அங்குலக் கிடாக்கள் இல்லாமலில்லை. வாழ்நாள் முழுக்க மலையேறியும் அப்படியொன்றைக் காணாத வேட்டைக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆனால் நீ அந்த எண்ணை மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படி ஓர் எண்ணோடுதான் போனேன்.

அங்குலக் கணக்கையே நான் பழிக்கிறேன் என்று எண்ணிவிடாதே. ரோலண்ட் வார்டு என்ற லண்டன்காரர், விலங்குகளைப் பாடம் செய்து வைப்பதில் பெயர் பெற்றவர், 1892-இல் தம் கொம்புப் பதிவேட்டை முதன்முதலில் அச்சிட்டார். எந்த விலங்கு எந்த நாட்டில் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்ற இயற்கை வரலாற்றுக் குறிப்பாகவும் அது பயன்பட்டது. காட்டில் தானாக இறந்து கிடந்த விலங்கின் கொம்புக்கும் அதில் இடமுண்டு. இன்றும் கூடூ அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டுமானால் கொம்பு 53 7/8 அங்குலம் இருக்க வேண்டும், நேர்க்கொம்பு இரலையான ஓரிக்ஸுக்கு 40, சிறிய இரலையான ஸ்பிரிங்பொக்குக்கு 14. கூடூவின் கொம்பை அளப்பதே ஒரு வித்தை: அடியில் தொடங்கி, முறுக்கின் முகட்டைவிட்டு விலகாமல், நாடாவைச் சுற்றிச் சுற்றி நுனிவரை கொண்டுபோக வேண்டும். அமெரிக்கர்களின் சஃபாரி கிளப் இன்டர்நேஷனல் வேறு வழியில் போகிறது. இரண்டு கொம்புகளின் நீளத்தோடு அடிச்சுற்றளவையும் கூட்டி மதிப்பெண் தருகிறது. இதில் எந்தக் கணக்கிலும் பொய்யில்லை. ஆனால் நாடா எதை அளக்கிறது என்பது ஒன்று, நாம் எதை அளந்ததாக நினைத்துக்கொள்கிறோம் என்பது வேறொன்று.

என் வீட்டுக் கூடத்தில் சன்னலுக்கு மேலே மாட்டியிருக்கும் ஓரிக்ஸ் தலையை நீ பார்த்திருக்கிறாய். அதன் கீழே நின்று படம்கூட எடுத்துக்கொண்டாய். நாற்பத்தொன்றரை அங்குலம், பதிவேட்டில் ஏறக்கூடியது என்று நான் உன்னிடம் பெருமையடித்துக்கொண்டதும் நினைவிருக்கும். அன்று நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அது கிடா அல்ல, பெண். ஓரிக்ஸில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. முட்டி மோதிச் சண்டையிடும் ஆணின் கொம்பு பருத்துக் குட்டையாக இருக்கும், பெண்ணின் கொம்பு ஒல்லியாக நீண்டு போகும். ஆகவே நீளத்தை மட்டும் அளக்கிற நாடா, யாரும் அப்படித் திட்டமிடாவிட்டாலும், வேட்டைக்காரனைப் பெண் விலங்கின் பக்கமே தள்ளிவிடுகிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிது. கோபாபிஸுக்குக் கிழக்கே, கலஹாரியின் செம்மணல் தொடங்கும் இடத்தில் ஒரு மந்தையைக் கண்டோம். உடன் வந்த வழிகாட்டி பைனாகுலரை இறக்காமலே, இடமிருந்து மூன்றாவது, நீளம், புத்தகத்துக்குப் போகும் என்று கிசுகிசுத்தார். நானும் வேறெதையும் பார்க்கவில்லை. நல்ல சூடு, அறுபது அடிகூட ஓடவில்லை. பண்ணைக்குக் கொண்டுவந்து கொட்டகையில் தொங்கவிட்டார்கள். தோலுரிப்பவர் கத்தியை வைக்கும் முன் மடியை ஒதுக்கியபோது பால் பீறிட்டு அவருடைய மணிக்கட்டில் வழிந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஓரிக்ஸ் கன்று பிறந்த சில வாரங்கள் புதருக்குள் ஒளிந்தே கிடக்கும், தாய் பால் கொடுக்க மட்டும் வந்து போகும் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மந்தையோடு கன்று இல்லையே என்று நாங்கள் பார்த்ததற்கு ஆகவே பொருளே இல்லை. வழிகாட்டியைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. விசையை இழுத்த விரல் என்னுடையது. அந்தத் தலையைப் பதிவேட்டுக்கு அனுப்பவில்லை. கழற்றவும் இல்லை. ஏன் என்று நீ கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஜூனில் கோமாஸ் மேட்டுநிலத்துக்குப் போனதைப் பற்றிச் சொல்கிறேன். விண்ட்ஹூக்குக்கு மேற்கே அலையலையாகக் குன்றுகள் விரியும் நாடு அது. அங்கே பாறையெல்லாம் அப்பிரகம், அதாவது மைக்கா. மாலையில் பாறையிலிருந்து எழுந்தால் காற்சட்டை முழுக்க மின்னும். ஜூன் இங்கே குளிர்காலம், காலையில் தண்ணீர்ப் புட்டியின் கழுத்தில் பனிக்கட்டி கட்டியிருந்தது. கால்நடைப் பண்ணைதான், ஆனால் மாட்டு வேலியைக் கூடூ ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிட்டுப் போகும். உயர்வேலிக்குள் அடைத்து வளர்த்து, விருந்தாளி வரும் வாரத்தில் திறந்துவிடும் இடங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நீ நேரில் பார்த்தால்தான் புரிந்துகொள்வாய்.

இரண்டாம் நாள் மாலை, எதிர்ச்சரிவில், முள்மரங்களுக்கு நடுவே ஒரு கிடாவைக் கண்டோம். கொம்பு அகலமாக விரிந்து, ஆழமான வளைவோடு இரண்டு சுற்றுச் சுற்றி மேலே போயிற்று. வளைவு ஆழமாக இருந்தால் நாடா அதிக தூரம் போகும் என்பதால், பார்த்தவுடனே என் மனம் கூட்டிக் கழித்துவிட்டது: ஐம்பத்திரண்டுக்குக் குறையாது. ஆனால் கழுத்து மெலிந்திருந்தது, கொம்பு நுனி இன்னும் வெளிப்பக்கம் திரும்பவில்லை. கூடூக் கிடாவுக்கு இரண்டு வயதில் முதல் சுற்று முடியும், இரண்டரைச் சுற்றும் நிறைய ஆறு வயதாகும். இது நான்கைத் தாண்டியிருந்தாலே அதிகம் என்றார் வழிகாட்டி. இவனுடைய கன்றுகள் இந்த மலையில் ஓட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். 1977-இல் தொடங்கிய ரேபிஸ் என்ற வெறிநோயிலும், மறுபடி 2002-இல் தொடங்கியதிலும் இந்த நாட்டில் கூடூக்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. அடுத்த முறை இவனும் அதில் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டபோதே அது வாதமல்ல, ஆசை என்பது எனக்குத் தெரிந்தது. போனால் போகட்டும், அது நம்முடைய கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் பைனாகுலரை உறையில் போட்டார். தடம் பார்க்கும் டமாரா இனத்து முதியவர் சிரித்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை அந்த முதியவர்தான் தடத்தைப் பிடித்தார். தனியாக நடக்கிற பெரிய குளம்பு. முன்காலை ஊன்றும் இடத்தில் விளிம்பு மழுங்கியிருந்தது. மூன்று மணி நேரம் நடந்தோம். இருமுறை தடம் பாறையில் தொலைந்தது. இருமுறையும் அவர் உட்கார்ந்து, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, பாறையைப் பார்க்காமல் எதிர்க்குன்றைப் பார்த்து, நானாக இருந்தால் எங்கே போவேன் என்று யோசித்து, அங்கே போய்த் தடத்தை மறுபடி கண்டுபிடித்தார். நாய் குரைப்பதுபோல ஒரு கூடூ எங்கோ எச்சரித்தது, காற்று திரும்பியது, கொஞ்ச நேரம் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு நூற்று நாற்பது மீட்டர் தள்ளி, ஒரு புதரின் நிழலில், வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. கிழட்டுக் கிடா. முகம் கறுத்து, கழுத்து தடித்து, இடக்கொம்பின் நுனி ஒரு சாண் அளவுக்கு முறிந்துபோயிருந்தது. ஒரே சூடு.

விழுந்த இடத்தில் வழிகாட்டி வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து சமதளமாகியிருந்தன. இன்னொரு வறட்சியைத் தாங்கியிருக்காது. பிறகு அவர் அருகிலிருந்த மரத்தில் ஒரு சிறு கிளையை ஒடித்து, இலையோடு அதன் வாயில் வைத்தார். இங்குள்ள ஜெர்மானிய வேட்டைக்காரர்களின் வழக்கம் அது. கடைசிக் கவளம் என்கிறார்கள். எனக்குச் சட்டென்று அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டது நினைவுக்கு வந்து, சற்று நேரம் அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நம் ஊர்ப் புள்ளிமானுக்குக் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கிறது. இரலை இனத்துக்கு அப்படியில்லை. ஒருமுறை முளைத்ததுதான், சாகும்வரை அதே கொம்பு. மண்ணைக் கிளறியது, கிளையை முறித்துத் தழை தின்றது, சண்டையில் தோற்றது எல்லாம் அதில் தேய்மானமாக நிற்கும். ஆகவே குறிப்பிட்ட ஒரு வயதைத் தாண்டினால் கொம்பு நீள்வதைவிடத் தேய்வதுதான் அதிகம். நாடா இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது: இனத்துக்குத் தன் பங்கைக் கொடுத்து முடித்த கிழவனுக்கு மதிப்பெண் குறைகிறது, இனிமேல்தான் கொடுக்கப்போகிற இளசுக்குக் கூடுகிறது. நமீபியாவில் வயதை முதன்மையாக வைத்து அளக்கும் முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள்; அதில் முதிர்ந்த விலங்கின் தேய்ந்த கொம்புக்கே மதிப்பு. அதுவும் அளவுதான், அதற்கும் பதக்கம் உண்டு, அதற்கும் போட்டி வரும். இருந்தாலும் விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதையாவது அது மாற்றுகிறது. எதிர்த்திசையில் போனால் எங்கே போய் முடியும் என்பதை உன் நாட்டிலேயே பார்த்தோமே: 2016-இல் ஒரு காட்டெருமைக் காளையின் கால்பங்கு மட்டும் 44 மில்லியன் ராண்டுக்கு விற்றது, கொம்பின் அகலத்துக்காக.

இவ்வளவு எழுதிய பிறகு ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. அன்றிரவு எல்லோரும் தீயைச் சுற்றி உட்கார்ந்து ஈரல் சுட்டுக்கொண்டிருந்தபோது, நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், முறியாத வலக்கொம்பை அளந்தேன். 48 1/4. இன்னும் ஆறு அங்குலம் இருந்திருந்தால் என்று ஒரு கணம் நெஞ்சில் ஓடியது உண்மை. அந்த ஆறு அங்குலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டேன். பதில் வரவில்லை, ஈரல்தான் ஆறிப்போயிற்று.

அதே பயணத்தில், பண்ணைக்கு இறைச்சி வேண்டுமென்று சமவெளியில் ஒரு ஸ்பிரிங்பொக்கும் சுட்டேன். கொம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விழுந்ததும் ஓடிப்போய் முதுகருகே மண்டியிடு என்றார் முதியவர். முதுகின் நடுவே மடிந்திருக்கும் வெண்மயிர் விசிறிபோல மெல்ல விரிந்தது. அதிலிருந்து தேன் வாசம் வந்தது. உண்மையாகவே தேன். சில நிமிடங்களில் மயிர் படிந்துவிட்டது, வாசமும் போய்விட்டது. பாடம் செய்பவரிடம் கொடுத்து வாங்கிவரக்கூடிய பொருளல்ல அது.

இனி உன் காரியம். வேட்டைக்காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை என்றாலும் ஜூனில் வா. இலை உதிர்ந்து கண்ணுக்குத் தூரம் கிடைக்கும். கூடூவுக்குச் சட்டம் கேட்பது 2700 ஜூல் ஆற்றல், உன் .308 துப்பாக்கி தாராளமாகப் போதும், புதிதாக எதையும் வாங்காதே. அந்தக் காசில் நல்ல காலணி வாங்கி, இப்போதிருந்தே அதைப் போட்டுக்கொண்டு நட. முழங்காலுக்கு ஏற்றபடி மெல்ல ஏறலாம் என்று பண்ணைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஆறு நாள் கணக்கு. ஆறு நாளும் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தாலும் நாள் வாடகை உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த மாத இறுதிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆகவே லிம்போப்போவா கோமாஸா என்று சீக்கிரம் எழுது.

வந்தால் அந்த எதிர்ச்சரிவுக்கு உன்னை அழைத்துப்போகிறேன். இளங்கிடா உயிரோடிருந்தால் அந்நேரம் இன்னும் ஒரு கால் சுற்றாவது கூடியிருக்கும். பார்க்கலாம், சுட விடமாட்டார்கள்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்