கோயாசானில் வழிகாட்டிய அம்மாவுக்கு நன்றி

ஜப்பானின் மலைக்கோயில் ஊரான கோயாசானின் கேபிள் கார் நிலையத்தில் வழி சொன்ன, பெயர் தெரியாத அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. அங்கிருந்து ஊருக்குள் செல்லும் பேருந்துச் சாலையில் நடக்க அனுமதி இல்லை என்று நீங்கள்தான் தடுத்தீர்கள். ஒகுனோயின் என்ற பழைய கல்லறைத் தலத்துக்குப் பேருந்தில் இச்சினோஹாஷி நிறுத்தத்திலேயே இறங்கச் சொன்னது இன்னும் பெரிய உதவி. அடுத்த நிறுத்தம் வரை போனால் பழைய கல்லறைகளில் பெரும்பகுதி விட்டுப்போகும்; இச்சினோஹாஷியிலிருந்து நடந்தால்தான் ஓங்கிய ஜப்பானிய தேவதாரு மரங்களூடே, கோயாசானை நிறுவிய துறவி கூகாயின் சமாதி வரை முழு 2 கிலோமீட்டர். கோபியோபாஷி பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது.

கோயில் விடுதியில் இரவுச் சாப்பாடு மாலை 6 மணி வாக்கிலேயே. அங்கே சூப்புக்கான சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷீட்டாகே காளானிலும் இறங்குகிறது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. எள் விழுதையும் குட்ஸு என்ற கிழங்கு மாவையும் கைவிடாமல் கிளறிய கோமாதோஃபு (எள் டோஃபு) அருமை! வெளிக்கடை மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும், கேட்டுவிட்டே குடிக்க வேண்டும் என்றீர்களே, சைவ உணவுக்காரர்களுக்கு அதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை இல்லை அம்மா.