'லாம்' போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா ஆங்கிலத்தை ஆட்சிமொழி ஆக்கியதைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டெல்லியிலிருந்து தாலுகா ஆபீஸ் வரை நாமும் ஆங்கிலம் ஒன்றையே வைத்துக்கொண்டால் இந்திச் சண்டையும் ஓயும், பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும் என்று அது முடிகிறது. நான் கூடலூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் உட்கார்ந்து 19 வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறவள். அந்தக் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஒன்றிய அளவில் ஆட்சிமொழி என்று ஒன்று அதுவரை இருந்ததே இல்லை. மாநிலங்கள் பல தனித்தனியாக அறிவித்திருந்தன. ஹவாய் 1978-லேயே தன் சொந்த மொழியையும் ஆங்கிலத்தோடு சேர்த்து உட்கார வைத்தது. 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று ஆணையில் கையெழுத்திட்டார். கட்டுரையில் இதுவரைக்கும் இருக்கிறது. அதே ஆணை, 2000-ல் கிளின்டன் போட்ட ஓர் ஆணையை ரத்து செய்தது என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. ஆங்கிலம் சரியாகத் தெரியாதவருக்கும் அரசின் சேவை போய்ச்சேர ஒவ்வொரு துறையும் வழி செய்ய வேண்டும் என்றது அந்தப் பழைய ஆணை. புதிய ஆணை மற்ற மொழிகளில் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. துறைத் தலைவர்கள் நினைத்தால் தொடரலாம். 'வேண்டும்' இருந்த இடத்தில் 'லாம்' வந்துவிட்டது.

'லாம்' எவ்வளவு கனமானது என்று என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். 'வழங்க வேண்டும்' என்று உத்தரவான மனுவோடு போனவர் பட்டாவோடு வருவார். 'பரிசீலிக்கலாம்' என்று குறிப்பெழுதிய மனுவோடு போனவர் அடுத்த மாதமும் என்னிடம்தான் வருவார். 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது மாநிலங்களவையில் அண்ணா இதற்காகத்தான் மன்றாடினார். 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றது மசோதா; 'தொடரவேண்டும்' என்று எழுதுங்கள் என்றார் அவர். எழுதவில்லை. 1965-ல் தமிழ்நாடு பற்றி எரிந்தது. 1967 திருத்தத்துக்குப் பிறகுதான், இந்தியை ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டாலொழிய ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்றானது. அந்தக் காவலை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் டெல்லிக்கும் நமக்கும் நடுவில் காவலாக நிற்கிற ஆங்கிலம் வேறு, எங்கள் ஊர் கவுன்டரில் சுவராக நிற்கிற ஆங்கிலம் வேறு. கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்குச் சின்னதாக ஒரு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் அது நின்றுபோனது. "மழைக்காலம், மெதுவாக வரும்" என்று அம்மா காத்திருந்தார். தீபாவளிக்கு நான் போய் முருகன் படத்தைத் துடைக்க எடுத்தபோது, பின்னால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றும் ஆங்கிலம். லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவில்லை என்று முதல் கடிதம், ஞாபகப்படுத்தி இரண்டாவது, நிறுத்திவிட்டோம் என்று மூன்றாவது. கவர்மென்ட் காகிதம் என்று சாமிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார் அம்மா. நான்கு வரி தமிழில் இருந்திருந்தால் பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பையன் படித்துச் சொல்லியிருப்பான். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தோம்.

அப்பாவுக்கு இது புதிதாக இருந்திருக்காது. அவர் இலங்கையில் கண்டிப் பக்கத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். இலங்கையும் இந்தியாவும் 1964-ல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கப்பட்ட 5,25,000 தமிழரில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கூடலூர் வந்து சேர்ந்தார். 1956-ல் அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும், போலீஸ் காகிதமும் தபாலாபீஸ் காகிதமும் படிக்க ஆள் தேடி டவுனுக்கு நடந்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்வார். தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது 1948-ல் வந்த சட்டம். அப்போது அங்கே ஆட்சிமொழி ஆங்கிலம்தான். அந்தச் சட்டமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. லயத்தில் அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை. துரை படித்தார், கணக்கப்பிள்ளை கொஞ்சம் படித்தார். நாடற்றவர் ஆகிவிட்டோம் என்பது மற்றவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலம் எல்லோருக்கும் பொது, யாருக்கும் அநியாயம் செய்யாது என்கிற கட்டுரையாளர் எங்கள் டான்டீ லயங்களுக்கு ஒரு முறை வந்து பெரியவர்களிடம் கேட்கட்டும்.

இங்கேயும் அதே கதைதான். ஜமீன் போன்ற பழைய நில உரிமையை ஒழிக்க 1969-ல் வந்த ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு என்றால் எங்கள் ஊரில் கைநாட்டுக்காரருக்கும் தெரியும், பட்டாவும் கரண்டும் வராததற்கு அதுதான் காரணம் என்று. அந்தப் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வக்கீலைக் கை காட்டுவார்கள். வழக்குக் கட்டு முழுக்க ஆங்கிலம்.

பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகள் ஆங்கில வழியில்தான் படிக்கிறாள், நன்றாகப் படிக்கட்டும். அவள் படிப்பதற்காக அவள் பாட்டிக்கு ஆங்கிலத்தில் கடிதம் போட வேண்டியதில்லை.

அப்புறம், தமிழர்களாகிய நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் 1956-லேயே இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி ஆகிவிட்டது. ஆனால் கூடலூரில் தமிழ் மட்டும் பேசிப் பிழைக்க முடியாது. மலையாளம், கன்னடம், படுகு, பழங்குடிகளான பணியர் மொழி, காட்டுநாயக்கர் மொழி என்று ஒரே பஸ்ஸில் கேட்கலாம். போன மாதம் ஒரு பணியர் அம்மா வீட்டு மனைக்காக மனு எழுத வந்தார். பாதி தமிழிலும் பாதி அவர் மொழியிலும் சொன்னார். புரிந்தது என்று நினைத்து எழுதிப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். கூட வந்திருந்த பெண், கல்லூரியில் படிப்பவள், "அக்கா, அவங்க சொன்னது இது இல்ல. புது மனை வேணாங்கிறாங்க. மாமனார் குடியிருந்த இடத்தைத்தான் கேக்கறாங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை மனுவைத் தப்பாக எழுதியிருப்பேனோ. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன்.

1974-ல் சான்பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஒரே புத்தகம், ஒரே வாத்தியார் என்று கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாக ஆகாது, மொழி புரியாத பிள்ளைக்கு அங்கே படிப்பே இல்லை என்றது. அந்த நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாமே.

நம் அரசமைப்பின் 350-ஆம் பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்க எல்லோருக்கும் உரிமை தருகிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று அதில் இல்லை. மதுரை எம்.பி. ஆங்கிலத்தில் எழுதியதற்கு ஒன்றிய அரசு இந்தியில் பதில் போட்டபோது, எழுதிய மொழியிலேயே பதில் தர வேண்டும் என்று 2021-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. எம்.பி.க்கே கோர்ட் தேவைப்பட்டது என்றால் என் அம்மா எங்கே போவார்?

ஆகவே கட்டுரையாளரிடம் ஒன்று கேட்கிறேன். ஆட்சிமொழி பற்றி அடுத்து எழுதும்போது இரண்டு கோரிக்கைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு எந்த மொழியிலோ பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். பழங்குடியினர் வாழும் ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் அவர்கள் மொழி பேசும் ஒருவர் சம்பளத்துக்கு உட்கார வேண்டும். இரண்டிலும் 'வேண்டும்' என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
மனு எழுதும் வாசகி,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.