மன்னிப்புன்னா தண்டனை ரத்துன்னு யாரு சொன்னா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என்ன பாவம் வேணா பண்ணலாம், ஞாயித்துக்கிழமை சர்ச்ல முழங்கால் போட்டா கணக்கு க்ளோஸ்னு கிறிஸ்தவங்கள கிண்டல் பண்றாங்க, எங்க ஆளுங்கள்லயும் சிலர் அப்படித்தான் நடந்துக்குறாங்க, மறைக்க முடியாது. ஆனா பைபிள் அப்படி சொல்லலீங்க. பத்சேபாள்ங்கற அடுத்தவர் மனைவி மேல ஆசப்பட்டு தாவீது ராஜா அவ புருஷன் உரியாவையே போர்ல முன்னால நிறுத்தி சாகடிச்சாரு, நாத்தான் தீர்க்கதரிசி மூஞ்சிக்கு நேரா சொன்னப்புறம்தான் பாவஞ்செய்தேன்னு ஒத்துக்கிட்டாரு, மன்னிப்பு கெடச்சுது, ஆனா பொறந்த கொழந்த பொழைக்கல. பைபிள்ல வர்ற வரி வசூல்காரர் சகேயு இன்னும் தெளிவு, ஏமாத்துனத நாலு மடங்கா திருப்பித் தரேன்னாரு (நம்ம ஊர்ல யாராவது தருவாங்களா!).

1999 ஜனவரில ஒரிசா மனோகர்பூர்ல ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவரோட 10 வயசு, 6 வயசு பசங்க ரெண்டு பேரையும் வண்டிக்குள்ள வச்சே எரிச்சாங்க. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க, கோர்ட் அது வேலையப் பாத்துச்சு, முக்கியக் குற்றவாளி தாரா சிங்கோட ஆயுள் தண்டனைய 2011ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்கவே இல்ல. அதனால சபைப் பணத்துல கை வச்சவர மன்னிச்சு விட்டுருங்கன்னு கமிட்டில உருகுறவங்க, மொதல்ல பணத்த திருப்பிக் கட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு சபை உறுப்பினர்