சிவப்பைவிட நடுக்கத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில், தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முழங்கை, முழங்கால், தலைச் செதில் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அது உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே உலை வைக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் அண்ணன் அதில் மாட்டி மீண்டவர் என்பதால் எழுதுகிறேன்.

எரித்ரோடெர்மா என்பார்கள். 90 சதவீதத்துக்கு மேல் தோல் சிவந்து, சூடாகி, உரியும். அண்ணனுக்குப் பல வருடமாகவே சொரியாசிஸ். யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் அது மாயமாக மறைந்தது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் கை கையாகச் செதில் கொட்டும்.

பார்க்கிறவர்கள் மிரள்வது சிவப்பைப் பார்த்துத்தான். பயப்பட வேண்டியதோ நடுக்கத்துக்கு. தொட்டால் அனலாகக் கொதிக்கிற மனிதர் இரண்டு போர்வைக்குள் வெடவெடவென்று நடுங்கினார். தோலுக்குப் பாயும் ரத்தம் வெகுவாகக் கூடிவிடுவதால் உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது, கூடவே நீரும் புரதமும். கணுக்கால் வீங்குகிறது. வயதானவர்களுக்கு இதயமே தளர்ந்துவிடலாம். வெடித்த தோல் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போனால் இன்னும் ஆபத்து. "தோல் வியாதிக்கெல்லாமா அட்மிஷன்?" என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இதை எத்தனை தடவை விளக்குவது! தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று தள்ளி நின்றவர்களும் உண்டு. இது தொற்று வியாதியே இல்லை.

மருத்துவமனையில் முதலில் பார்த்தது தோலை அல்ல. அறையைக் கதகதப்பாக வைத்தார்கள், உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே போகும் சிறுநீரையும் அளந்தார்கள், தினமும் எடை பார்த்தார்கள். அப்புறம்தான் களிம்பு. வாசலின் மாதிரிப் பிசுபிசுப்பானதை டப்பா டப்பாவாகப் பூச வேண்டியிருந்தது. தேய்க்கவே கூடாது, முடி வளரும் திசையில் மெல்ல இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மயிர்க்கால்களில் கொப்புளம் கிளம்பும் என்று செவிலியர் என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து. அதற்காக ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்கடி பரிசோதித்தார்கள். சிவப்பு அடங்கிய பிறகும் நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன, மெதுவாகத்தான் முளைத்தன.

எல்லாருக்கும் காரணம் சொரியாசிஸ்தான் என்றில்லை. கரப்பான் (எக்ஸிமா) முற்றியும் வரலாம். வலிப்பு மருந்து, யூரிக் அமிலத்துக்கான அல்லோபூரினால், சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி போன்றவை ஒத்துக்கொள்ளாமலும் வரலாம், அதுவும் மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து. அரிதாக ஒருவகை ரத்தப் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டும். அதனால்தான் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியைச் சிலருக்குத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம், கைவைத்தியப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதுதான் எங்களிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே.

அடுத்த முறை சொரியாசிஸ் பற்றி எழுதினால் ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள்: உடம்பெல்லாம் சிவந்து, நடுக்கமோ காய்ச்சலோ கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

இப்படிக்கு,
நோயாளியின் தம்பி
(பெயர் வேண்டாம்)